எளிமைக்கு ஒரு முழக்கோல்

சென்ற தவணைப் பரீட்சையிற் பத்தாம் வகுப்புக்குரிய புவியியல் வினாத்தாளைத் தயாரிக்கும் பொறுப்பு என்னைச் சார்ந்தது. அதன் ஐந்தாம் வினா இது:

“தென்மேற்குப் பருவக்காற்றினாற் கொண்டுவரப்படும் நீராவி மத்திய மலைநாட்டினால் தடுக்கப்படுதலின் விளைவாக ஏற்படும் மழைவீழ்ச்சியினைப் பெறும் பிரதேசங்களுக்கும் அவற்றுக்கு மறுபுறத்தே அமைந்துள்ள பிரதேசங்களுக்குமிடையே காணப்படும் காலநிலை வேறுபாட்டினைக் காரணங்காட்டி விளக்குக.”

இதை எழுதி முடித்தபோது ஒரு குறையும் எனக்குத் தென்படவில்லை. மறைப்பானேன், சிறிது பெருமைகூட இருந்தது. ஒரு முழுப் பாடத்தை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டோமே என்ற பெருமை.

விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு மாணவன் அந்த வினாவைத் தொடாமலே விட்டிருக்கக் கண்டேன். அவன் வகுப்பில் முதல்வன் அல்லன், கடைசியும் அல்லன். ஒழுங்காகப் படிப்பவன். விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அவனை அழைத்துக் காரணம் கேட்டேன்.

“விளங்கேல்லை, சேர்” என்றான்.

பாடந்தான் விளங்கவில்லை என்கிறான் என எண்ணிக்கொண்டு, “ஆடி, ஆவணியில் மலைநாட்டின் எந்தப் பக்கத்தில் மழை பெய்யும்?” என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“எங்கடை மாமா பண்டாரவளையிலை இருக்கிறவர், சேர். போன ஆவணி லீவிலை ரெயிலிலை போனனாங்கள். நானுஓயாவிலை ஒரே மழை. பட்டிப்பொலையிலை சுரங்கத்துக்குள்ளாலை போய் அங்காலை வெளிக்கிட்டால் வெயில் எறிக்குது. மேற்கிலையிருந்து வாற காத்து மலையிலை ஏறேக்கை மழையைக் கொட்டிப்போட்டு, அங்காலை வெறுங்காத்தாய்த்தான் இறங்குது. மட்டக்களப்புப் பக்கம் போகேக்கை அது கச்சானாய்ச் சுட்டெரிக்கும் எண்டு மாமா சொன்னவர்.”

நான் வகுப்பிற் சொல்ல மறந்த கச்சான் காற்றையும் அவனாகவே சேர்த்துவிட்டான். பின்னர் என் முகத்தைப் பார்த்துச் சற்றுத் தயங்கி, “அதையோ, சேர், அந்தக் கேள்வியிலை கேட்டிருந்தனீங்கள்?” என்றான்.

அவ்வினாவுக்குரிய புள்ளிகள் பத்து. பத்தையும் இழந்தவன் அவன். இழக்கச் செய்தவன் நான். அவனுடைய புவியியல் அறிவைப் பரீட்சிப்பதாக நினைத்துக்கொண்டு, என் வாக்கியத்தைக் கடந்து கரையேறும் ஆற்றலைப் பரீட்சித்திருக்கிறேன்.

அன்றிரவு முழுவதும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நாம் எழுதியது வாசிப்பவனுக்கு எவ்வளவு கடினமாயிருக்கும் என்பதை, அவன் கைக்கு அது போய்ச் சேருமுன்பே அளந்தறிய வழி உண்டா? துணிக்கு முழக்கோல் உண்டு; பாலுக்குப் பால்மானி உண்டு; காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. வசனநடைக்கு மட்டும் ஏன் ஒன்று இருக்கலாகாது?

இக்கேள்வியை முதலிற் கேட்டவன் நான் அல்லன். நூறாண்டுக்கு மேலாக, பெரும்பாலும் அமெரிக்காவிலே, இதற்கென்றே உழைத்தவர்கள் பலர். நெப்ராஸ்கா சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் கற்பித்த ஷேர்மன் என்பவர் 1893 இல் வெளியிட்ட நூலொன்றில் வாக்கியங்களின் சொற்களை எண்ணத் தொடங்கினார். எலிசபெத் இராணியார் காலத்து ஆங்கில உரைநடையில் ஒரு வாக்கியத்துக்குச் சராசரி 45 சொற்கள். விக்டோரியா காலத்தில் 29. தம்முடைய நாளில் 23 என்பது அவர் கண்ட கணக்கு. இலக்கியத்தைத் தராசில் வைப்பதா என்று அக்காலத்தவர் சிலராவது முகஞ்சுளித்திருப்பர். ஆனால் எண்ணத் தொடங்கிய பிறகு நிறுத்துவது எளிதன்று.

1921 இல் எட்வேட் தோண்டைக் என்ற உளநூலறிஞர், அச்சில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்கள் பத்தாயிரத்தைத் தேர்ந்து, அவை வரும் அளவுக்கேற்ப வரிசைப்படுத்தி, ஆசிரியர்களுக்கென ஒரு நூலாக வெளியிட்டார். இரண்டாண்டுகளின் பின், 1923 இல், லைவ்லி, பிரெசி என்ற இருவர் அப்பட்டியலை வைத்துக்கொண்டு பாடநூல்களின் சொற்சுமையை அளக்கும் முறையொன்றை வகுத்தனர். அவர்களைத் தூண்டியது ஆசிரியர்களின் முறைப்பாடு ஒன்று. விஞ்ஞானப் பாடநூல்களிற் கலைச்சொற்கள் மலிந்துவிட்டமையால், விஞ்ஞானத்தைக் கற்பிக்க நேரமின்றிச் சொற்பொருள் சொல்லிக்கொண்டிருப்பதிலேயே பாடவேளை கழிகிறது என்பதுதான் அது. நம்முடைய ஆசிரியர் கூடங்களிலும் கேட்கக்கூடிய முறைப்பாடே.

ஆயினும், இத்துறையிற் பேர்பெற்றவர் ருடோல்ப் பிளெஷ் என்பவர். 1911 இல் வியன்னா நகரிற் பிறந்து, அங்கே சட்டம் படித்து, 1938 இல் நாசிகளுக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியன்று. பிறருடைய மொழியைப் படித்துத்தான் பிழைக்கவேண்டும் என்ற நிலைக்கு வந்த ஒருவருக்கே அம்மொழியில் எது தேவையின்றி நீள்கிறது என்பது நன்கு தெரியும் போலும். கொலம்பியா சர்வகலாசாலையில் 1943 இற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், 1948 இல் வெளியிட்ட ஒரு கட்டுரையிலே தம்முடைய “புதிய முழக்கோலை” உலகுக்குக் கொடுத்தார்.

அதைப் பயன்படுத்த ஐந்தாம் வகுப்புக் கணிதம் போதும். ஒரு வாக்கியத்துக்குச் சராசரி எத்தனை சொற்கள் என்று கண்டு, அதனை 1.015 ஆற் பெருக்குக. ஒரு சொல்லுக்குச் சராசரி எத்தனை அசைகள் என்று கண்டு, அதனை 84.6 ஆற் பெருக்குக. இரண்டையும் 206.835 இலிருந்து கழிக்க. மிஞ்சுவது பெரும்பாலும் 0 க்கும் 100 க்கும் இடையில் நிற்கும். 90 க்கு மேற்பட்டால் மிக எளிது; 60 க்கும் 70 க்கும் இடைப்பட்டாற் சாதாரண நடை; 30 க்குக் கீழே போனால் மிகக் கடினம். (இங்கே அசை என்றது நேர், நிரை என யாப்பிலே படிக்கும் அசையை அன்று. ஓர் உயிரொலியைத் தாங்கி வரும் ஒலித்துண்டையே.)

இந்த விசித்திரமான எண்கள் எங்கிருந்து வந்தன? மக்கோல், கிராப்ஸ் என்ற இருவர் தொகுத்த வாசிப்புப் பயிற்சிப் பாடங்கள் அமெரிக்கப் பள்ளிகளில் வழங்கின. ஒவ்வொரு பாடத்தின் கீழும் வினாக்கள். எந்த வகுப்புப் பிள்ளைகள் எத்தனை வினாக்களுக்குச் சரியாக விடையளித்தனர் என்ற கணக்கும் இருந்தது. அக்கணக்கோடு வாக்கிய நீளத்தையும் சொல் நீளத்தையும் பொருத்திப் பார்த்தே பிளெஷ் தம் எண்களைப் பெற்றார். அவர் கடினத்தை நேரே அளக்கவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். கடினமான எழுத்திலே பெரும்பாலும் சொற்களும் வாக்கியங்களும் நீண்டிருக்கக் கண்டார். ஆகவே நீளத்தை அளந்தார். காய்ச்சற்காரனுடைய நாக்கு வெளுத்திருக்கும். அதைப் பார்த்துக் காய்ச்சலை ஊகிக்கலாம். நாக்கைச் சுரண்டிவிட்டாற் காய்ச்சல் போய்விடாது.

இனி, இக்கோலைத் தமிழிலே வைத்துப் பார்ப்போம் என்ற ஆசை எனக்கு வந்ததில் வியப்பில்லை அல்லவா? பாலர் வகுப்புப் பிள்ளையும் வாசிக்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை எழுதிக்கொண்டேன். “அம்மா கடைக்குப் போனாள். தம்பி அழுதான்.” சொற்கள் ஐந்து, வாக்கியங்கள் இரண்டு, அசைகள் பன்னிரண்டு. சொல்லுக்கு 2.4 அசை, வாக்கியத்துக்கு 2.5 சொல். பெருக்கிக் கழித்தேன். வந்த விடை 1.26!

நூற்றுக்கு ஒன்றேகால். பிளெஷின் கணக்கின்படி, சட்ட நூல்களும் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் குடியிருக்கும் மிகக் கடினமான படியிற்கூட இது அடித்தளத்தில் நிற்கிறது. இதே செய்தியை ஆங்கிலத்தில் எட்டுச் சொற்களிற் சொல்லிவிடலாம். எட்டுக்கும் சேர்த்துப் பத்து அசைகளே வரும். அதற்குப் புள்ளி 97.

பிளெஷ் மீது குற்றமில்லை. அவர் ஆங்கிலத்துக்குச் செய்த கோல் அது. ஆங்கிலத்தில் வேற்றுமை, காலம், எதிர்மறை ஆகியவற்றிற் பெரும்பகுதி தனித்தனிச் சிறு சொற்களாக நிற்கும். தமிழிலோ அவை யாவும் ஒரு பகுதியின் பின்னே வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும். “வராதவர்களிடமிருந்து” என்ற சொல்லைப் பாருங்கள். ஒரே சொல், பத்து அசை. இதைப் படித்துத் திகைத்த பிள்ளையை நான் கண்டதில்லை. இதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஆறு சிறு சொற்கள் வேண்டும். சுவீடன் நாட்டவரான பியோர்ன்சன் 1968 இல் வகுத்த கோல் அசையை விட்டு எழுத்தை எண்ணுகிறது. ஆறெழுத்துக்கு மேற்பட்டவையே அவருக்கு நெடுஞ்சொற்கள். அதில் வைத்தால் நம் அம்மாவும் தம்பியும் மிக எளிய படியில் வந்து நிற்கின்றனர். ஒரே இரண்டு வாக்கியங்கள். ஒரு கோலில் மலையுச்சி, மறு கோலில் சமதரை!

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. சொல் என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? என் ஐந்தாம் வினாவை நான் எழுதியபடி எண்ணினால் 21 சொற்கள். இடைவெளி விடுவதிலே தாராளமான ஒருவர் “பருவக் காற்றினால்”, “கொண்டு வரப்படும்”, “மலை நாட்டினால்”, “கால நிலை” என்று பிரித்துக்கொண்டே போனால் 30 வரை போகலாம். பொருளில் ஓர் அணுவும் மாறவில்லை. அளவு மாத்திரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது.

ஆனாலும், 21 என்ற எண்ணிக்கையை நான் எளிதில் மறக்கமுடியவில்லை. பிளெஷ் தந்த அட்டவணையில் 17 சொல் வாக்கியம் சாதாரணம். 21 ஓரளவு கடினம். 29 க்கு மேல் மிகக் கடினம். ஓரளவு கடினமான வாக்கியமா ஒரு நல்ல மாணவனை ஊமையாக்கியது? அதே 21 சொற்களில் வேறொரு வாக்கியத்தை அமைத்துப் பார்த்தேன். ஆச்சிமார் கதை சொல்லும் பாணியிலே அது வந்தது:

“ஒரு நாள் இரவு நரி காட்டாலே வந்து, வேலியைப் பிரித்து, கோழிக்கூட்டைத் திறந்து, இரண்டு கொழுத்த கோழியைப் பிடித்துத் தின்றுவிட்டு, சத்தங்கேட்டு நாய் குரைக்க, வந்த வழியாலே ஓடிப்போய்விட்டது.”

இதற்கும் என் வினாவுக்கும் சொற்கணக்கில் வேறுபாடே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை இதைக் கேட்டு, “பிறகு?” என்று அடுத்ததற்கு ஆயத்தமாகிவிடும். காரணம் என்ன? நரி நான்காஞ் சொல்லிலே வந்துவிட்டது. அதன்பின் நிகழ்ந்தவை நிகழ்ந்த ஒழுங்கிலே, வந்து, பிரித்து, திறந்து, பிடித்து என வினையெச்சங்களாக ஒன்றன்பின் ஒன்று வருகின்றன. ஒவ்வொன்றையும் வாசகன் அவ்வப்போதே விழுங்கிவிடலாம். எதையும் கையில் ஏந்திக்கொண்டு நிற்கவேண்டியதில்லை.

என் வினாவோ பெயரெச்சங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. கொண்டுவரப்படும் நீராவி, ஏற்படும் மழைவீழ்ச்சி, பெறும் பிரதேசம், காணப்படும் வேறுபாடு. கேட்கப்படுவது ஒரு வேறுபாட்டைப் பற்றி என்ற செய்தியே 19 ஆம் சொல்லிற்றான் வெளிப்படுகிறது. அதுவரை அந்தப் பையன் நீராவியையும் மலையையும் மழையையும் இரு பக்கத்துப் பிரதேசங்களையும் தலையிற் சுமந்துகொண்டு, இவை எதற்கு என்று தெரியாமல் நடக்கவேண்டும். பாதி வழியிற் சுமையை இறக்கிவைத்துவிட்டான். இந்த வேறுபாட்டைப் பிளெஷின் கோல் காணாது. சொற்களைக் குலுக்கித் தலைகீழாகக் கொட்டினாலும் அது அதே புள்ளியைத்தான் கொடுக்கும்.

சொற்களின் நீளத்தை விட்டு, அவை வாசகனுக்குப் பழக்கமானவையா என்று பார்ப்பதே மேல் எனக் கருதியவர்களும் இருந்தனர். எட்கார் டேல், ஜீன் சால் ஆகிய இருவரும் அதே 1948 இல், நாலாம் வகுப்புப் பிள்ளைகளுள் நூற்றுக்கு எண்பது பேருக்குத் தெரிந்த மூவாயிரம் சொற்களைப் பட்டியலிட்டு, அதில் இல்லாத சொற்கள் எத்தனை என்று எண்ணினர். காலத்தோடு சொற்களும் மாறுவதால் அது 1995 இற் புதுக்கப்பட்டது. என் சிற்றறிவுக்கு இதுவே தமிழுக்கு அண்மையானதாகத் தோன்றுகிறது. “கரி” இரண்டெழுத்துச் சொல். நம் பிள்ளைகளுக்கு அது அடுப்படியில் உள்ளது. யானை என்ற பொருளில் வந்தால் அகராதி வேண்டும். “மா” ஓரெழுத்து. அதை வாசித்தவுடன் இலங்கைப் பிள்ளைக்கு அப்பமும் இடியப்பமும் நினைவுக்கு வருமேயன்றிக் குதிரை வாராது. ஆனால் யாருடைய பட்டியலை எடுப்பது? யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வடலி தெரியும்; மலைநாட்டுப் பிள்ளைக்குக் கொழுந்து தெரியும். ஒருவர் வீட்டுச் சொல் மற்றவருக்குப் பாடநூற் சொல்.

குறுமையே எளிமை என்பார்க்குத் திருக்குறள் ஒன்றே விடை. ஏழே சீர். உலகில் இதைவிடச் சிறிதாக ஒரு நூற்பாவை எழுதமுடியுமோ தெரியாது. அதற்குப் பரிமேலழகர் உரை எழுதவேண்டியிருந்தது. பரிமேலழகருக்கு விளக்கம் எழுதவேண்டியிருந்தது. அவ்விளக்கத்தை வகுப்பிலே விளக்குவதற்காக எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்!

வாசிப்பவன்மேல் இரக்கங் கொள்வது பிறநாட்டிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடமன்று. ஏட்டுச்சுவடிகளிலே சொல்லுக்குச் சொல் வெளியில்லை, நிறுத்தக்குறியில்லை, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. குருவின் வாயிலிருந்து கேட்டவனே ஏட்டைப் படிக்கமுடியும். அச்சு வந்தபோது, குரு அருகில் இல்லாத வாசகன் ஒருவன் தோன்றினான். அவனை மனத்திற்கொண்டு நிறுத்தக்குறிகளைத் தமிழ் வசனத்தில் நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அவருடைய பாலபாடங்கள் எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏறிச் செல்வன. அவர் கையில் எந்தச் சூத்திரமும் இருக்கவில்லை; முன்னே பிள்ளைகள் இருந்தார்கள்.

அமெரிக்காவிலோ கோல்கள் பெருகின. றொபேட் கன்னிங் என்பவர் 1952 இல் வெளியிட்ட கோலுக்கு மூடுபனி எண் என்றே பெயர். யுகண்டாவிலே ஆங்கிலம் கற்பித்தவர்களுக்கு உதவிய எட்வேட் பிறை, பெருக்கலையும் கழித்தலையும் விட்டு ஒரு வரைபடமாகவே செய்துவிட்டார். 1975 இல் கடற்படையினரின் கைநூல்களைச் சோதிப்பதற்காகப் பிளெஷின் எண்கள் மாற்றியமைக்கப்பட்டன. புளோரிடா மாநிலத்திற் காப்புறுதிப் பத்திரங்கள் பிளெஷின் கோலில் 45 க்குக் குறையலாகாது என்று சட்டமே செய்துவிட்டார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றுகிறதா? எனக்குத் தோன்றவில்லை. கணவன் இறந்தபின், அவன் பெட்டியிலிருந்து எடுத்த பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இதிலே என்ன எழுதியிருக்கு, தம்பி?” என்று கந்தோர் வாசலில் நின்று போவார் வருவாரைக் கேட்ட ஒரு தாயை நான் கண்டிருக்கிறேன். வாங்கிப் பார்த்தேன். பட்டதாரியாகிய எனக்கும் இரண்டாம் முறை வாசித்த பின்பே பாதி புரிந்தது. அப்பத்திரத்தை எழுதியவர் கையில் ஏதாவதொரு கோல், பிழையான கோலாயினும், இருந்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன்.

ஆனால் கோலைக் கண்டு பயந்து எழுதத் தொடங்கினால் வேறொரு கேடு வரும். “மழை பெய்ததனால் ஆறு பெருகிப் பாலத்தை உடைத்தது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புள்ளி போதாது என்று, “மழை பெய்தது. ஆறு பெருகியது. பாலம் உடைந்தது.” என வெட்டிவிடுகிறோம். புள்ளி உயர்ந்துவிடும். “ததனால்” என்ற சிறு துண்டு தூக்கிக்கொண்டிருந்த பாரமோ இப்போது வாசகன் தலைக்கு மாறிவிட்டது. எதனால் எது நிகழ்ந்தது என்பதை இனி அவனே ஊகிக்கவேண்டும். இக்கோல்களின் குறைகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்களும் 1980 களில் இதையே எடுத்துக்காட்டினர்.

இவ்வளவும் அறிந்தபின் என் வினாவைத் திருத்தி எழுதினேன். “தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்தில் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழை அதிகம், கிழக்குப் பக்கத்தில் மழை குறைவு. இதற்குக் காரணம் என்ன?” சக ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “பாதி விடையை நீரே சொல்லிப் போட்டீர், மாஸ்ரர். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பிள்ளைகள் ஒரு நீண்ட வாக்கியத்தையும் வாசிக்கத் தெரியாமற் போகுதுகள்.”

அவர் சொன்னதிலே நியாயமில்லையென்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. நீண்ட வாக்கியத்தை வாசிக்கவும் பிள்ளை பழகத்தான் வேண்டும். அதற்குரிய இடம் தமிழ்ப் பாடவேளை. மழையைப் பற்றிக் கேட்கும் இடத்தில் இலக்கணத்தை வேலியாகப் போட்டுவிட்டு, வேலி தாண்டாதவனுக்கு மழை தெரியாது என்று புள்ளி போடுவது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் வழக்கு இன்னும் தீரவில்லை. தினமும் தேநீர் வேளையிற் தொடர்கிறது.

சூத்திரங்களில் நம்பிக்கை தளர்ந்த நேரத்தில், 1953 இல் வில்சன் ரெய்லர் என்பவர் கண்ட வேறொரு வழி என் மனத்துக்குப் பிடித்தது. சொல்லையும் எண்ணவேண்டாம், அசையையும் எண்ணவேண்டாம். வாசிக்கவேண்டிய பகுதியில் ஒவ்வோர் ஐந்தாவது சொல்லையும் நீக்கிவிட்டு அங்கே கோடிடுக. வாசகனிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுக. எத்தனை கோடுகளை மூலத்திலுள்ள அதே சொல்லால் நிரப்பினான் என்று பார்த்தால், அப்பகுதி அவனுக்கு எவ்வளவு எளிது என்பது தெரியும். இங்கே அளக்கப்படுவது காகிதம் அன்று. காகிதமும் மனிதனும் கூடுமிடம்.

உடனே வகுப்பிற் செய்து பார்த்தேன். மழைவீழ்ச்சி பற்றி நான் சொல்லி எழுதுவித்த குறிப்பிலேயே ஐந்துக்கு ஒன்றாகச் சொற்களை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். விளைவு என்னைத் திகைக்க வைத்தது. குறிப்பை நெட்டுருச் செய்திருந்த ஒருவன் ஒரு கோடு தவறாமல் நிரப்பியிருந்தான். மழை ஏன் மலையின் ஒரு பக்கத்திற் பெய்கிறது என்று அவனைக் கேட்டபோது, குறிப்பின் முதல் வாக்கியத்திலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினான். பண்டாரவளை மாமாவின் மருமகனோ பாதிக் கோடுகளை வெறுமையாய் விட்டிருந்தான்.

பிழை ரெய்லருடையதன்று. முன்பு கண்டிராத பகுதியைக் கொடுத்திருக்கவேண்டும். ஆகவே அன்று மாலை, சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில் நான் எழுதிய கட்டுரையொன்றில் ஒரு பந்தியைப் பெயர் போடாமற் பிரதிபண்ணி, ஐந்துக்கு ஒன்றாகச் சொற்களை நீக்கி, அடுப்படியில் இருந்த என் மனைவியிடம் நீட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, பென்சிலை வாயில் வைத்தபடி சிறிது நேரம் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, இது ஆர் எழுதினது? மூச்சுவிட இடமில்லாமல் எழுதியிருக்கிறார்” என்றாள்.

“யாரோ ஒருவர். நீ நிரப்பு” என்றேன்.

நிரப்பித் தந்தாள். எண்ணிப் பார்த்தேன், நான் எதிர்பார்த்ததிலும் குறைவாகவே சரிவந்திருந்தது. எவையெவை தவறின என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கையில், ஓரிடத்திலே என் கண் நின்றது. பங்குனி மாதத்து நண்பகலில் வெறுங்காலோடு மணலிலே நடந்ததைப் பற்றிய வாக்கியம். “மணல் தகித்துக் கொண்டிருந்தது” என்று நான் எழுதியிருந்தேன். “தகித்து” என்ற சொல் நீக்கப்பட்ட இடத்தில் அவள் “கொதித்து” என்று எழுதியிருந்தாள். இரண்டையும் மாறிமாறி வாசித்துப் பார்த்தேன். அவளுடைய மணல்தான் காலைச் சுட்டது.

மூலத்திலுள்ள சொல்லே வரவேண்டும், ஒத்த சொல்லுக்குப் புள்ளியில்லை என்பது ரெய்லரின் விதி. நான் ஒரு புள்ளி போட்டுக்கொடுத்தேன். ஐந்தாம் வினாவின் பத்துப் புள்ளிகளைத்தான் என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. பரீட்சைப் பதிவேட்டை அதிபரிடம் ஒப்படைத்தாயிற்று. திங்கட்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன்.